பங்காளிகளின் செயற்கைக்கோள்

ஐப்பசி பிறந்தால் போதும், கடலூர் முதுநகர் டீக்கடைகளில் பேச்சு வானத்துக்குத் தாவிவிடும். முன்பெல்லாம் "துறைமுகத்துல கூண்டு ஏத்திட்டாங்களாண்ணே?" என்பதுதான் முதல் கேள்வி. இப்போது ஆளாளுக்குக் கையில் போன், போனில் இன்சாட் செயற்கைக்கோள் படம். வங்கக் கடலில் பஞ்சுப்பொதி மாதிரி ஒன்று திரண்டிருந்தால், அது நமக்கா ஆந்திராவுக்கா என்று பெஞ்சில் உட்கார்ந்தபடியே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அதில் பாதி பலிக்கவும் செய்யும்.

அந்தப் படத்தின் தலைப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நேரம் ஒற்றை எண்ணாக இருக்காது. 6.00 முதல் 6.27 வரை என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். செயற்கைக்கோள் நம் போன் கேமரா மாதிரி ஒரே சொடுக்கில் படம் எடுப்பதில்லை. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வடக்கே தொடங்கித் தெற்கு வரை வரிவரியாகத் துழாவுகிறது. ஒரு முழுப் படத்துக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். இரண்டு செயற்கைக்கோள்களை முறை வைத்து ஓட்டினால் கால் மணிக்கு ஒரு படம் கிடைக்கும்.

சரி, இந்தப் படம் யாருடையது? செயற்கைக்கோளைச் செய்து ஏவியது இஸ்ரோ. அதைக் கட்டுப்படுத்தும் நிலையம் கர்நாடகத்தில் ஹாசனில் இருக்கிறது. படத்தை வாங்கிப் பதப்படுத்துவது டெல்லி லோதி சாலையில் உள்ள வானிலை ஆய்வுத் துறை. புயல் எச்சரிக்கையை எழுதி நமக்கு அனுப்புவது சென்னை மண்டல மையம். கூண்டு ஏற்றுவது துறைமுகம். ஊரைக் காலி செய்யச் சொல்வது வருவாய்த் துறை. இத்தனை கை மாறித்தான் தேவனாம்பட்டினம் கரைக்குச் செய்தி வந்து சேர்கிறது. ஆச்சரியம் என்னவென்றால், பெரும்பாலும் நேரத்துக்கே வந்துவிடுகிறது.

பண்ருட்டிப் பக்கம் எங்கள் தாத்தா நிலத்துப் பத்திரத்தில் ஒரு வரி உண்டு: "பொதுக் கிணற்றிலும் மோட்டாரிலும் மூன்றில் ஒரு பாகம்." மூன்று பங்காளிகள், ஒரு கிணறு, ஒரு மோட்டார். தண்ணீருக்கு அவர்கள் சண்டை போட்டதே இல்லை. முறை வைத்து அழகாகப் பாய்ச்சிக்கொண்டார்கள். மோட்டாரில் காயில் எரிந்தபோதுதான் சண்டை வந்தது. ஒருவர் கரும்பு போட்டிருந்தார், அவருக்குப் பெரிய மோட்டார் வேண்டும். இன்னொருவருக்கு முந்திரி. முந்திரிக்கு எதற்குத் தண்ணீர்? அவர் ஏன் மூன்றில் ஒரு பங்குப் பணம் தர வேண்டும்? வானிலைச் செயற்கைக்கோள்களின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிணற்று மேடுதான் நினைவுக்கு வரும். பலனைப் பங்கு போடுவது சுலபம். எரிந்த காயிலுக்கு யார் பொறுப்பு, எந்த மோட்டார் வாங்குவது என்று யார் முடிவெடுப்பது என்பதில்தான் எல்லாம் நிற்கும்.

இன்சாட் பிறக்கும்போதே நாலு பங்காளிகளோடு பிறந்தது. விண்வெளித் துறை, அன்று தபால் தந்தியோடு சேர்ந்திருந்த தொலைத்தொடர்பு, வானிலைத் துறை, அப்புறம் வானொலியும் தூரதர்ஷனும். ஏழை நாடு, ஆளுக்கொரு செயற்கைக்கோள் வாங்க வக்கில்லை. ஒரே உடலில் தொலைபேசிக்கும் தொலைக்காட்சிக்கும் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள், கூடவே மேகம் பார்க்கும் கேமரா. உலகில் அன்று வேறு யாரும் இப்படி எல்லாவற்றையும் பூமியோடு சேர்ந்தே சுற்றி ஒரே இடத்துக்கு மேல் நிற்கும் ஒரே புவிநிலைச் செயற்கைக்கோளில் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

அதன் விலை செயற்கைக்கோளின் உருவத்திலேயே தெரிந்தது. இரவிலும் மேகத்தைப் பார்க்க வேண்டுமானால் அகச்சிவப்பு உணரி வேண்டும். அந்த உணரி மைனஸ் 150 டிகிரிக்கும் கீழே குளிர்ந்திருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதற்குத் தனியாக ஃபிரிட்ஜ் எதுவும் கிடையாது. இருண்ட விண்வெளியைப் பார்த்தபடி ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தால் வெப்பம் தானாக வெளியேறிவிடும். ஆனால் அந்தப் பக்கத்தில் வேறு எதுவும் குறுக்கே நிற்கக் கூடாது. சூரியத் தகடு ஒன்று அங்கே நின்றால் அதன் வெப்பம் உணரியின் மேல் அடிக்கும். ஆகவே வடக்குப் பக்கம் முழுவதும் வானிலைக்காரருக்கு. சூரியத் தகடு தெற்குப் பக்கம் மட்டும்.

அங்கே ஒரு வில்லங்கம் முளைத்தது. சூரிய ஒளிக்கும் மெல்லிய அழுத்தம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் இறக்கை விரித்த செயற்கைக்கோளை அது மெல்ல மெல்லத் திருப்பிவிடும். அதைச் சரிக்கட்ட வடக்குப் பக்கத்தில் நீளமான ஒரு கோலை நீட்டி, அதன் நுனியில் ஒரு பாயைக் கட்டினார்கள். பாய் உணரியிலிருந்து எட்ட இருக்கும்; ஆனாலும் ஒளியின் தள்ளுதலைச் சமன் செய்யும். கட்டுமரத்தில் ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் ஆள் நகர்ந்து உட்காருவதில்லையா, அதே கணக்குதான்.

முதல் செயற்கைக்கோளான இன்சாட்-1ஏ, 1982 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவிலிருந்து ஏவப்பட்டது. அமெரிக்காவின் ஃபோர்டு ஏரோஸ்பேஸ் நிறுவனம் செய்தது. மேலே போனதும் அந்தப் பாய் விரியவே இல்லை. சாய்வைச் சரி செய்ய எரிபொருளைச் செலவழித்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. ஏழு ஆண்டு ஓட வேண்டியது, அந்த ஆண்டு செப்டம்பரிலேயே எரிபொருள் தீர்ந்து கைவிடப்பட்டது. தொலைபேசியும் தொலைக்காட்சியும் சேர்ந்தே போயின. வானிலைக் கேமராவுக்காக வைத்த பாய் விரியாததால் மற்ற பங்காளிகளும் நடுத்தெருவில் நின்றார்கள் என்று சொன்னால் அது மிகையல்ல.

இந்த இடத்தில்தான் ஒரு கூட்டு ஏற்பாடு உடைந்திருக்க வேண்டும். உடையவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 30 அன்று சேலஞ்சர் விண்கலத்தில் இன்சாட்-1பி போனது. அதிலும் சூரியத் தகடு விரியாமல் சில நாள் எல்லோரையும் பதற வைத்தது. கடைசியில் விரிந்துவிட்டது, நன்றாகவே உழைத்தது.

ஏன் உடையவில்லை? என் கணிப்பு இது. பங்காளிகள் நாலு பேர் என்றாலும் மோட்டார் அறைச் சாவி ஒருவர் கையில்தான் இருந்தது. செயலாளர்கள் மட்டத்தில் இன்சாட் ஒருங்கிணைப்புக் குழு ஒன்று அமைந்தது; அதற்கு விண்வெளித் துறைச் செயலாளர் தலைவர். செய்வது, ஏவுவது, ஓட்டுவது மூன்றும் விண்வெளித் துறை வேலை. கீழே தரையில் வந்து சேரும் படம் வானிலைத் துறையின் பாடு. என்ன வேண்டும் என்று மற்றவர்கள் கேட்கலாம், வாதாடலாம். ஆனால் எந்தத் திருகாணி எங்கே என்று நாலு அமைச்சகங்கள் ஓட்டுப் போடவில்லை.

கூட்டாக இருந்ததால் கிடைத்த ஒரு நன்மையை நம் கரைக்காரர்கள் அனுபவித்திருக்கிறார்கள். 1980களின் நடுவில் வட தமிழ்நாட்டிலும் தென் ஆந்திரத்திலும் கடலோர ஊர்களில் புயல் எச்சரிக்கைப் பெட்டிகளை வைத்தார்கள். சென்னையில் உள்ள புயல் எச்சரிக்கை மையத்திலிருந்து செய்தி இன்சாட்டுக்கு ஏறும். எந்தப் பகுதிக்கு என்று குறியீடு கொடுத்தால் அந்தப் பகுதிப் பெட்டிகள் மட்டும் விழித்துக்கொள்ளும். முதலில் சைரன், பிறகு அந்தந்த ஊர் மொழியில் குரல். புயலில் தந்திக் கம்பமும் தொலைபேசிக் கம்பியும் சாய்ந்தாலும் வானத்திலிருந்து வரும் குரலை யாரும் சாய்க்க முடியாது. புயலைப் பார்த்ததும் அதே செயற்கைக்கோள், புயல் வருகிறது என்று சொன்னதும் அதே செயற்கைக்கோள். தனித்தனியாக வாங்கியிருந்தால் இந்த யோசனை யாருக்காவது வந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் வாடகை வீட்டில் சின்ன அறை வானிலைக்காரருக்குத்தான் வாய்த்தது. தொலைபேசிக்கும் தொலைக்காட்சிக்கும் தேவை பெருகப் பெருக, டிரான்ஸ்பாண்டர் இன்னும் வேண்டும், மின்சாரம் இன்னும் வேண்டும் என்று நெருக்கடி. நாமே செய்த இன்சாட்-2ஏ (1992), 2பி (1993) இரண்டிலும் கேமரா இருந்தது. அடுத்து வந்த 2சி, 2டி இரண்டிலும் வானிலைக் கருவியே இல்லை. கேமரா இல்லையென்றால் பாயும் கோலும் வேண்டாம். இரு பக்கமும் தகடு விரிக்கலாம். பொறியாளர்கள் பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

தீர்வு 2002 செப்டம்பர் 12 அன்று வந்தது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் வானிலைக்கு என்றே ஒரு சிறு செயற்கைக்கோள், சுமார் 1,060 கிலோ. பெயர் மெட்சாட். கொலம்பியா விண்கலம் சிதறிக் கல்பனா சாவ்லா இறந்த பிறகு 2003 பிப்ரவரியில் அது கல்பனா-1 ஆனது. தனிக்குடித்தனம் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று நினைத்தால், அடுத்த வீடு கட்டுவதில் தாமதம். கல்பனாவுக்குக் குறித்த ஆயுள் ஏழு ஆண்டு. அடுத்த தலைமுறையான இன்சாட்-3டி மேலே போனது 2013 ஜூலை 26 அன்றுதான், அதுவும் பிரெஞ்சு கயானாவிலிருந்து.

இடையில் என்ன நடந்தது என்று கடலூர்க்காரர்களிடம் சொல்லத் தேவையில்லை. 2011 டிசம்பர் 30 காலை, தானே புயல். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய அந்தப் புயலை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவற்றில் ஒன்று, ஆயுள் முடிந்து இரண்டு ஆண்டு தாண்டியிருந்த கல்பனா-1. இன்னொன்று 2003இல் போன இன்சாட்-3ஏ. எச்சரிக்கை வந்தது. கூண்டும் ஏறியது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை எந்தப் படமும் தடுத்திருக்காது. இருந்தாலும், வயசான மாட்டை நம்பி ஏர் கட்டியிருந்தோம் என்பது அன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இதே காலத்தில் உலகின் பணக்கார நாடு இதைவிடப் பெரிய சிக்கலில் மாட்டிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் இரு துருவங்களின் மேலாகச் சுற்றும் துருவச் சுற்றுப்பாதையில் இரண்டு தனித்தனி வானிலைச் செயற்கைக்கோள் வரிசைகள் இருந்தன. ஒன்று நோவா என்ற சிவில் அமைப்பினுடையது, மற்றது ராணுவத்தினுடையது. பனிப்போர் முடிந்த கையோடு, 1994 மே மாதம் அதிபர் கிளிண்டன் இரண்டையும் ஒன்றாக்க உத்தரவிட்டார். பணம் மிச்சமாகும் என்பது கணக்கு. நோவாவும் ராணுவமும் ஆளுக்குப் பாதிச் செலவு, நாசா தொழில்நுட்பம் தரும். 'என்போஸ்' என்று பெயர்.

காகிதத்தில் நம் ஏற்பாட்டைவிட நேர்த்தியானது. மூன்று அமைப்புகளின் மேலதிகாரிகள் அடங்கிய நிர்வாகக் குழு, கூட்டு அலுவலகம் எல்லாம் உண்டு. சாவி மட்டும் யாரிடமும் இல்லை. அல்லது மூன்று பேரிடமும் இருந்தது; இரண்டும் ஒன்றுதான். ராணுவத்துக்கு அதிகாலையில் தலைக்கு மேல் கடக்கும் சுற்றுப்பாதை முக்கியம், தன் பழைய செயற்கைக்கோள்கள் இன்னும் கையிருப்பில் இருந்ததால் அவசரமும் இல்லை. நோவாவுக்கு நண்பகல் கடந்த சுற்றுப்பாதைதான் உயிர். வானிலைக் கணிப்பு மாதிரிகளுக்கு அந்தத் தரவு வேண்டும். பருவநிலையைப் பல்லாண்டு துல்லியமாக அளப்பது நாசாவின் ஆசை. கரும்பும் முந்திரியும் ஒரே மோட்டாரில். முதன்மைக் கருவியான 'விர்ஸ்' கேமரா எல்லோருடைய ஆசையையும் சுமந்து கனத்துப்போய் ஆண்டுக்கணக்கில் தாமதமானது.

2002இல் ஆறு செயற்கைக்கோள், சுமார் 700 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். 2006இல் மறுகணக்கு போட்டபோது செயற்கைக்கோள் நாலாகக் குறைந்தது, செலவு 1,100 கோடி டாலரைத் தாண்டியது. பருவநிலைக் கருவிகளில் பலவற்றைக் கழற்றிவிட்டார்கள். அந்த ஆண்டு, நோவா எந்தத் துறையின் கீழ் இருக்கிறதோ அந்த வணிகத் துறையின் தணிக்கை அறிக்கை ஒன்று வெளியானது. அதில் எனக்கு மறக்காத விஷயம் இது: திட்டம் இப்படிப் பல்லிளித்துக்கொண்டிருந்தபோதும், நன்றாக வேலை செய்தால் தருவதாகச் சொன்ன ஊக்கத்தொகையில் 84 சதவீதம் ஒப்பந்ததாரருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மூன்று முதலாளி இருக்கும் கடையில் யார் கணக்குக் கேட்பது?

2010 பிப்ரவரியில் வெள்ளை மாளிகை பாகப்பிரிவினை செய்துவிட்டது. வேறுவேறு நோக்கமும் வேறுவேறு கொள்முதல் முறையும் உள்ள மூன்று அமைப்புகளைச் சேர்த்து ஓட்டியதுதான் கோளாறு என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். நோவாவும் நாசாவும் ஒரு பக்கம் போய், நம் இன்சாட் மாதிரியே ஒருவர் முதலாளி, ஒருவர் மேஸ்திரி என்று பிரித்துக்கொண்டார்கள். சோதனைக்கென்று செய்த சுவோமி என்.பி.பி. 2011 அக்டோபர் 28 அன்று ஏவப்பட்டு, வேறு வழியில்லாமல் தினசரிச் சேவைக்கே வந்துவிட்டது. 2017இலும் 2022இலும் அடுத்த இரண்டு சென்றன. ராணுவம் தன் பங்குக்குத் தொடங்கிய புதுத் திட்டம் இரண்டே ஆண்டில் ரத்தானது. கிடங்கில் தயாராக இருந்த கடைசிப் பழைய செயற்கைக்கோள் ஏவப்படாமலே பிரிக்கப்பட்டது. எங்கள் பக்கத்துப் பங்காளிகளும் கடைசியில் தனித்தனி போர்வெல் போட்டுக்கொண்டார்கள். கிணறு தூர்ந்துவிட்டது.

ஐரோப்பாக்காரர்களின் வழி வேறு. 1986இல் யூமெட்சாட் என்று தனி அமைப்பே உண்டாக்கி, உறுப்பு நாடுகளின் பணத்தை அதில் போட்டார்கள். செயற்கைக்கோளை உருவாக்குவது ஐரோப்பிய விண்வெளி முகமை, வைத்து ஓட்டுவது யூமெட்சாட். மொழியும் நாணயமும் வேறான நாடுகள் இதைச் சாதித்திருக்கும்போது, ஒரே நாட்டின் மூன்று துறைகளால் முடியவில்லை.

நம் பக்கம் அண்மையில் நடந்த ஒரு மாற்றம் பெரிதாகப் பேசப்படவில்லை. 2024 பிப்ரவரி 17 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இன்சாட்-3டிஎஸ்ஸின் முழுச் செலவும் புவி அறிவியல் அமைச்சகத்துடையது. வானிலைத் துறை 2006 முதல் அந்த அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறது. அதற்கு முன் சிவில் விமானப் போக்குவரத்து, அறிவியல் தொழில்நுட்பம் என்று வீடு வீடாக மாறிய துறை அது. படம் யாருக்கு வேண்டுமோ அவரே பணம் கட்டுகிறார், இஸ்ரோ செய்து கொடுக்கிறது. பணம் கட்டுபவர் "எப்ப முடியும்?" என்று கேட்கும் குரலே தனி. கட்டிடம் கட்டியவர்களுக்கு இது தெரியும். ஆறு அலைவரிசைப் படக்கருவியும், காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் உயரம் உயரமாக அளக்கும் 19 அலைவரிசைக் கருவியும் அதில் உண்டு. இன்சாட்-1 அகச்சிவப்பில் 11 கிலோமீட்டரை ஒரு புள்ளியாகப் பார்த்தது. இன்று அது நாலு கிலோமீட்டர்.

அதே ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. கரையேறிய புயல் நகர்ந்து போகும் என்று பார்த்தால், மறுநாள் முற்பகல் வரை அங்கேயே குத்துக்கல்லாக நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பொங்கிக் கடலூரைச் சூழ்ந்தது அடுத்த அத்தியாயம். மேகம் நிற்பதைச் செயற்கைக்கோள் காட்டும். அணையை எப்போது எவ்வளவு திறப்பது என்பது இன்னொரு துறையின் கோப்பு.

இன்சாட் படத்துக்கு ஒரு குறை உண்டு. அது மேகத்தின் உச்சியைத்தான் பார்க்கும். உள்ளே புயலின் கண் எங்கே இருக்கிறது என்று மேலே போர்த்திய மேகம் மறைத்துவிடும். கரைக்கு நெருங்கிவிட்டால் காரைக்கால், சென்னை ரேடார்கள் சொல்லிவிடும். நடுக்கடலில் இருக்கும்போது மேகத்தை ஊடுருவும் நுண்ணலையில் பார்க்கும் துருவச் செயற்கைக்கோள்கள்தான் கதி. இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 2011இல் ஏவிய மேகா-டிராபிக்ஸில் அப்படியொரு கருவி இருந்தது, பெயர் மெட்ராஸ். பெயரில் மட்டும் நம்மூர். 2013 தொடக்கத்திலேயே பழுதாகிவிட்டது. ஆக, நம் புயல்களின் கண்ணைத் தேட அமெரிக்க ராணுவச் செயற்கைக்கோள் தரவும் நமக்குப் பயன்பட்டு வந்திருக்கிறது.

அமெரிக்க ராணுவத் தரவு புதுச்சேரிக்குப் புதிதல்ல. 1998 வாக்கில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியபோது, வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை இறக்கி, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். எந்தக் கப்பற்படைக்காகவோ போட்ட கணக்கைக் கேட்டுவிட்டு, படகை இறக்கலாமா வேண்டாமா என்று நம்மூர் மீனவர்கள் முடிவு செய்தார்கள்.

2025 ஜூனில் அந்த ராணுவ வரிசையின் நுண்ணலைத் தரவை நிறுத்தப் போவதாக சில நாள் அவகாசத்தில் அறிவித்தார்கள். உலகெங்கும் புயல் கணிப்பவர்கள் பதறியதும் கெடுவை ஒரு மாதம் தள்ளினார்கள். பிறகு 2026 செப்டம்பர் வரை தொடரும் என்றார்கள். செப்டம்பர் முடிந்தால் அக்டோபர் நடுவில் ஐப்பசி பிறந்துவிடும்.